தவிலுக்கு ஒரு சுற்றுவழி

இரண்டு வருடம் மிருதங்கம் படித்த என் மகன், சென்ற மாதம் "எனக்கு டிரம்ஸ்தான் வேணும்" என்று அடம்பிடித்தான். வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் காலை ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் நெரிசலில், இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். காரில் ஓடிக்கொண்டிருந்தது 'புளூ கேமல்'.

1992-இல் வந்த இசைத்தட்டு அது. பெய்ரூத்தில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த ரபீ அபூ கலீலுடையது. அவருடைய ஊத் வாத்தியத்தோடு தென்னிந்தியத் தாளக் கருவிகளை வாசித்தவர் ரமேஷ் ஷோத்தம். 1948-இல் சென்னையில் பிறந்தவர்.

"இவர் கோயில் வித்வானாப்பா?" என்றான் மகன்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் தொடங்கியது ராக் இசைக்குழுவில். கித்தார் ஒலியைத் திரித்து, பாட்டை நீட்டி, கேட்பவரைக் கிறங்கடிக்கும் சைகடெலிக் இசை உலகமெங்கும் பரவிய காலம். சகோதரர் சுரேஷுடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் 'ஹியூமன் பாண்டேஜ்'. சுரேஷ் கித்தார், ரமேஷ் டிரம்ஸ். ராதா தாமஸ் அதில் பாடினார். எழுபதுகள் முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது.

கலைந்தவர்கள் இசையை விடவில்லை. ராதா தாமஸ் நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து ஜாஸ் பாடகியானார்; பிறகு பெங்களூருக்குத் திரும்பி, சொந்தக் குழு அமைத்தார். ரமேஷ், டி.ஏ.எஸ். மணி 1964-இல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக்குப் போனார். இரண்டு கையிலும் குச்சி பிடித்துப் பழகியவர், ஒரு கையில் குச்சியும் மறுகை விரல்களில் கூடும் மாட்டி அடிக்கும் தவிலைக் கற்றுக்கொண்டார். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் உடன் வந்தன. பின்பு ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, டிரம்ஸையும் தவிலையும் ஒரே மேடையில் வாசித்தார்.

வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் நமக்கு ஒரு பயம் உண்டு: நம்முடையதை இப்போதே கையில் திணிக்காவிட்டால் என்றைக்குமாகப் போய்விடும் என்று. சென்னையிலேயே பிறந்தவருக்கும் தவில் பிறப்போடு வந்துவிடவில்லை. ராக் வழியாகச் சுற்றிப் போய், வளர்ந்த பிறகு, தானே விரும்பி அதை எடுத்துக்கொண்டார். அதனால்தான் அரபு ஊத்தின் பக்கத்தில் நம் தாளத்தை அந்நியமாகத் தோன்றாமல் அவரால் உட்கார வைக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அன்று மாலை டிரம்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டினேன். மிருதங்கத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. கூடத்திலேயே, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம்.