கடல் கடந்து கற்பிக்கும் கல்முனைக் கரையோர ஆசிரியர்கள்: விசாவும் வேலை அனுமதியும்

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். வயலும் கடலும் வாணிபமும் இவ்வூர்களின் பழைய தொழில்கள். அவற்றோடு சேர்ந்து நிற்பது ஆசிரியத் தொழில். அட்டாளைச்சேனை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1941 இலும், கல்முனை ஸாஹிராக் கல்லூரி 1949 இலும் தொடங்கின. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு 1995 இல் அடித்தளம் இடப்பட்டது. இக்கரையின் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் மாலைதீவிலும் வளைகுடா நாடுகளிலும் கற்பித்து வருகின்றனர். அவர்கள் அங்கு சட்டபூர்வமாகக் கற்பிக்கத் தேவையான அனுமதிகளையும், அவற்றைப் பெறும் ஒழுங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நாட்டுக்குள் நுழையவும் தங்கவும் அனுமதிப்பது விசா. அங்கே குறித்த ஒரு முதலாளியிடம் குறித்த ஒரு வேலையைச் செய்ய விடுவது வேலை அனுமதி. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருப்பதாக ஆகாது. வெளிநாடு சென்ற ஆசிரியர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மாலைதீவு

மாலே நகரப் பாடசாலைகள் 1960களின் தொடக்கத்தில் ஆங்கில மொழிமூலத்துக்கு மாறியபோது, கற்பிப்பதற்கு இலங்கையிலிருந்தே ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். அன்று முதல் இந்தத் தொடர்பு அறுபடவில்லை. அங்குள்ள மாணவர்கள் கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகளுக்குத் தோற்றுவதால் கணிதம், விஞ்ஞானம், வணிகம், ஆங்கிலம் ஆகிய பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடியவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ 190. சில நூறு பேர் மட்டுமே வாழும் தீவுக்கும் பாடசாலை வேண்டும். அதற்கு ஆசிரியரும் வேண்டும். மாலேயிலிருந்து படகிலோ சிறு விமானத்திலோ போய்ச் சேர வேண்டிய அத்தகைய தீவொன்றில் பணியேற்பதுதான் வெளிநாட்டு ஆசிரியர் பலருக்கும் வாய்ப்பது. மக்கள் முஸ்லிம்கள், உணவு ஹலால், பள்ளிவாசல் நடைதூரத்தில், வீட்டுக்குத் திரும்ப ஒரு சிறு விமானப் பயணம் என்பவை கல்முனைக் கரையோரத்தவருக்கு அந்த நாட்டை நெருக்கமாக்குகின்றன.

அனுமதி பெறும் பொறுப்பு முழுவதும் வேலை கொடுப்பவருடையது. அரச பாடசாலையாயின் கல்வி அமைச்சும், தனியார் நிறுவனமாயின் அந்நிறுவனமும் ஆசிரியர் புறப்படுமுன் அவர் பெயரில் வேலைவாய்ப்பு ஒப்புதல் பெற வேண்டும். ஆசிரியரின் நாட்டைப் பொறுத்து வேறுபடும் பிணைத்தொகையைக் கட்டுவதும் அவர்களே. பட்டச் சான்றிதழ்களை மாலைதீவுத் தகைமை அதிகாரசபை ஏற்றிருக்க வேண்டும். ஒப்புதல் கடிதத்துடன் மாலே விமான நிலையத்தில் இறங்கிய பின்னரே மருத்துவப் பரிசோதனை, வேலை விசா, வேலை அனுமதி அட்டை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2008 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. சம்பளம், தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மாலைதீவு ஏறத்தாழ எல்லா நாட்டவருக்கும் இறங்கியவுடன் 30 நாள் சுற்றுலா அனுமதி தருகிறது. இந்த வசதியே பொறியாகவும் ஆகிறது. "முதலில் விசிட்டில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகரை நம்பிப் போனவர் வகுப்பறையில் நிற்கும் முதல் நாளிலேயே சட்டத்தை மீறியவராகிறார். சம்பளம் கிடைக்காவிட்டால் முறையிடச் செல்லவே அவர் அஞ்ச வேண்டியிருக்கும்.

மௌலவி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. மதப் பிரசங்கத்தை 1994 ஆம் ஆண்டின் மத ஒற்றுமைப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கற்பிக்கும் அனுமதி பயான், அதாவது மதப் பிரசங்கம், செய்யும் அனுமதி ஆகாது. ஊரில் ஜும்ஆ ஓதிப் பழகியவராயினும் அங்கு உரிய எழுத்து மூல அனுமதி பெற்றே பேச வேண்டும்.

புறப்படும் முன் இலங்கையில்

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், மக்கள் வழக்கில் 'பியூரோ'வில், வேலைக்குச் செல்லும் எவரும் பதிய வேண்டும். பட்டதாரி ஆசிரியருக்கு இதில் விலக்கு இல்லை. பதிவோடு காப்புறுதியும் சேர்ந்து வருகிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பதிவைச் சோதிப்பார்கள். முகவர் மூலம் செல்வதாயின் அவருடைய பணியக அனுமதிப்பத்திர எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது அவசியம். ஊருக்குள் திரியும் உப முகவரிடம் அந்த எண் இருப்பதில்லை.

கடவுச்சீட்டுக்காகக் கல்முனைவாசிகள் நெடுங்காலம் முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் பயணித்துக் கொழும்புக்குப் போய் வந்தனர். 2023 முதல் இணையவழியில் விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் விரலடையாளம் வைக்க வழி செய்யப்பட்டது. சான்றிதழ்களை உறுதிப்படுத்த வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவை நாட வேண்டும். அதன்பின் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் கேட்கப்படலாம்.

அரச பாடசாலை ஆசிரியருக்கு இன்னொரு படி உண்டு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயக் கல்வி அலுவலகங்கள் ஊடாகக் கிழக்கு மாகாண அதிகாரிகளின் விடுமுறை அனுமதி பெறாமல் புறப்படுவது பதவியைக் கைவிட்டுச் செல்வதாகக் கொள்ளப்படும். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூனில் வெளியான 14/2022 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமின்றி ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்டது. குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல். எனினும் கணித, விஞ்ஞான ஆசிரியர் போன பின் வெற்றிடமாகும் வகுப்பறையை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு அந்தச் சுற்றறிக்கையில் விடை இல்லை. ஏழை மாணவர்தான் அந்த வெற்றிடத்தின் விலையைக் கொடுக்கின்றனர்.

வளைகுடா நாடுகள்

மஸ்கட், ரியாத், தோஹா நகரங்களில் இலங்கைச் சமூகப் பாடசாலைகள் உள்ளன. வளைகுடாவில் வேலை அனுமதி அனுசரணையாளரோடு, அதாவது கபீலோடு, பிணைந்தது. சவூதியில் தங்குவதற்கான அட்டை இகாமா. முன்பு கபீலின் தடையில்லாச் சான்றின்றி வேலை மாற இயலாதிருந்தது. இந்தக் கட்டுப்பாடு கட்டாரில் 2020 இலும் ஓமானிலும் சவூதியிலும் 2021 இலும் தளர்த்தப்பட்டது. கணவரின் அனுசரணையில் சவூதியில் வாழும் பெண் தனியார் பாடசாலையில் கற்பிக்க 'அஜீர்' என்னும் தனி அனுமதி முறை உண்டு. குடும்ப இகாமா மட்டும் வைத்துக் கற்பிப்பது அனுமதியற்ற வேலையாகும்.

கரையோரத்துக்கு வருவோர்

இலங்கைக்குக் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கும் இதே விதிதான். 1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வதிவிட விசா பெற வேண்டும். சுற்றுலா விசாவில் மார்க்கக் கல்வி தரும் அரபுக் கல்லூரியிலும் கற்பிக்க முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் சுமார் 600 வெளிநாட்டவர், அவர்களில் ஏறத்தாழ 200 இஸ்லாமியப் போதகர்கள், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டதாக அரசு அறிவித்தது. விசாக் காலம் கடந்து தங்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது.

எந்த நாடாயினும் கடவுச்சீட்டு அதை உடையவர் கையிலேயே இருக்க வேண்டும். கட்டாரில் 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் முதலாளி அதைப் பிடித்து வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. வெளிநாடு செல்ல எண்ணும் ஆசிரியர் தம் பெயரும் வேலை கொடுப்பவர் பெயரும் பதவியும் எழுதப்பட்ட ஒப்புதல் கடிதத்தின் பிரதியைப் பெற்றுச் சரிபார்க்கும் வரை பதவியை விடவோ, நகையை அடகு வைக்கவோ, முகவருக்குப் பணம் கொடுக்கவோ வேண்டாம்.