எடுத்து வராத நாய்

பந்தை எறிந்தால் நாய் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து நம் காலடியில் போடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். சினிமாவும் பத்திரிகைப் படங்களும் செய்த வேலை இது. நடப்பில் காண்பது வேறு. சில நாய்கள் பந்தைப் பார்க்கும்; பிறகு எறிந்தவரைப் பார்க்கும்; 'வேண்டுமானால் ஏன் ஐயா வீசினீர்?' என்று கேட்பதுபோல் உட்கார்ந்துவிடும். வேறு சில பாய்ந்து ஓடிக் கவ்வும். ஆனால் கொண்டு வராது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிடுங்கப் போனால் உறுமும்.

இதை நாயின் பிடிவாதம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கோ, எடுத்து வராததைவிட எடுத்து வருவதுதான் விந்தையாகப் படுகிறது. துரத்துவதும் கவ்வுவதும் அதன் குலத்தொழில். வாய்க்குள் வந்துவிட்டதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வாலை ஆட்டு என்றால்? மனிதர்களிலேயே எத்தனை பேர் தேறுவார்கள்?

இந்த வித்தை விளையாட்டாக வளர்ந்ததல்ல, பிழைப்புக்காக வளர்ந்தது. நியூபவுண்ட்லாந்துக் கரையில் செம்படவர்கள் வளர்த்த நாய்கள் குளிர்ந்த கடலில் நீந்தி வலைகளையும் கயிறுகளையும் இழுத்து வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை இங்கிலாந்துக்குக் கப்பலேறின. இன்றைய லாப்ரடாருக்கு அவைதான் மூதாதையர். துப்பாக்கி திருந்தத் திருந்த, சீமான்களின் வேட்டையில் பறவைகள் வெகு தூரத்தில், மேலும் மேலும் விழுந்தன. புதரிலும் சதுப்பிலும் விழுந்ததைத் தேடிக் கொண்டு வர வேண்டும். அதுவும் பல் படாமல். நசுங்கிய பறவை விருந்துக்கு ஆகாது அல்லவா?

ட்வீட்மவுத் பிரபு என்று பின்னால் பெயர் பெற்ற சீமான் ஒருவர், பிரைட்டனில் வாங்கிய நூஸ் என்ற மஞ்சள் நாயையும் பெல் என்ற நீர் ஸ்பானியலையும் 1868-ல் சேர்த்து வைத்தார். கோல்டன் ரிட்ரீவர் வம்சம் அதிலிருந்து வந்தது. ஆனால் வெகு காலம் உலகம் நம்பியது, அவர் ஒரு சர்க்கஸில் கண்ட ருஷ்ய நாய்களை மயங்கிப்போய்க் கூட்டத்தோடு விலைக்கு வாங்கினார் என்ற கதையைத்தான்! அவருடைய பண்ணைக் கணக்குப் புத்தகத்தின் விவரம் 1952-ல் அச்சேறியதும் சர்க்கஸ் கூடாரம் சரிந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

சரி, கற்றுக்கொடுப்பது எப்படி? நம் பக்கத்தில் காளையை 'வசக்குவது' என்பார்கள். இங்கிலீஷ்காரர்கள் நாயை 'உடைப்பது' என்றே சொன்னார்கள். காரியமும் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாகவே இருந்தது. 1848-ல் ஹட்சின்ஸன் என்ற ராணுவ அதிகாரி இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பில் 'உடைப்பது' என்ற அதே சொல்தான். உள்ளேயோ சாட்டையைக் குறை, பொறுமையைக் கூட்டு என்ற உபதேசம். சிப்பாய்களை அதட்டிப் பழகியவரிடமிருந்து அது வந்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லோரும் கேட்டுவிடவில்லை. அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே ஒரு முறை வேரூன்றியது. நாயின் காதைக் கிள்ளுவார்கள். அது வலியில் வாயைத் திறக்கும். உடனே ஒரு மரக்கட்டையை வாயில் வைத்து, காதை விட்டுவிடுவார்கள். கட்டையைக் கவ்வினால் வலி நிற்கும் என்று நாய்க்குப் புரிந்துபோகும். இன்றும் இதைக் கையாளுகிறவர்கள் உண்டு. அந்த நாய் தவறாமல் எடுத்து வரும், சந்தேகமில்லை. அதை விளையாட்டு என்று அழைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

1951-ல் ஸ்கின்னர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் வேறு வழி சொன்னார். 'டிக்' என்று சத்தமிடும் குழந்தை விளையாட்டுச் சாமான் ஒன்றும் கொஞ்சம் தின்பண்டமும் போதும். சத்தம் கேட்டால் தீனி உண்டு என்று முதலில் பழக்க வேண்டும். பிறகு, நாம் விரும்பும் காரியத்தை நோக்கி நாய் ஓர் அடி வைத்தாலும் 'டிக்'. இப்படியே சிறுகச் சிறுக முழுக் காரியத்துக்கும் கொண்டு வந்துவிடலாம்.

அவரிடம் படித்த பிரீலண்ட் தம்பதிகள் இந்த முறையை வைத்து ஒரு வியாபாரமே நடத்தினார்கள். கோழி, பன்றி, ராக்கூன் எல்லாம் அவர்களிடம் படித்தன. 1961-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வெற்றிகளைவிடத் தோல்விகளே ருசியானவை. காசை எடுத்துப் பெட்டியில் போட ராக்கூனுக்குக் கற்பித்தார்கள். அதுவும் எடுத்தது. ஆனால் கையை விட்டு விட மனம் இல்லை! இரண்டு காசு கொடுத்தபோதோ, லோபி செட்டைப்போல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. பன்றிக்கு மரக்காசு. முதலில் சுறுசுறுப்பாகக் கொண்டு போய்ப் போட்ட பன்றி, வாரங்கள் செல்லச் செல்ல, காசை வழியிலேயே கீழே போட்டு மூக்கால் கிளறவும் தூக்கி எறியவும் ஆரம்பித்தது. முடிவில் நாலு காசை ஆறடி தூரம் கொண்டு போகப் பத்து நிமிஷம் ஆயிற்று. பசி அதிகமானால் சரியாகுமென்று பார்த்தால், கிளறல்தான் அதிகமாயிற்று. இரை தேடும் பழக்கம் கற்ற பாடத்தை விழுங்கிவிட்டது.

கட்டிலடி நாயும் இந்த ஜாதிதான். அதைத் துரத்தினால், துரத்தலே அதற்குப் பரிசாகிவிடும். அதற்குப் பதிலாக முதுகைக் காட்டி நாம் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அது பின்னால் வரும். வந்ததும் பிடுங்காமல் இரண்டாவது பந்தைக் காட்ட வேண்டும். வாயிலிருப்பதைத் தானே போடும். கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குப் படுகிற வரையில் இதே வியாபாரந்தான். சில நாய்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். சிலவற்றுக்கு இரண்டு மாதமும் போதாது.

ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையில், பிறந்த பத்தாம் நாளிலிருந்து கையால் வளர்த்த ஓநாய்க் குட்டிகள் பதின்மூன்றைச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வார வயதில், முன்பின் தெரியாத ஒருவர் அவற்றுக்குப் பந்தை வீசிக் கூப்பிட்டார். முதல் இரண்டு ஈற்றுக் குட்டிகள் பந்தைச் சட்டை செய்யவே இல்லை. மூன்றாம் ஈற்றில் மூன்று குட்டிகள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஓடிப்போய்க் கவ்வி அந்த அந்நியரிடம் கொண்டு வந்தன.