பாய்ன் பள்ளத்தாக்குச் சுற்றுலா

அயர்லாந்தின் தொன்மையான தலங்களைக் காண, டப்ளினிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் வழிகாட்டிப் பயணம். ஸ்பானிய மொழியிலும் நடத்தப்படுகிறது. மீத் மாவட்டத்தின் நியூகிரேஞ்சும் தாரா குன்றும் இதன் முக்கிய இடங்கள்.

நியூகிரேஞ்சைக் கெல்டியர் கட்டியதாகச் சொல்வது தவறு. அவர்கள் காலத்துக்கு மிக முன்பே, கி.மு. 3200 அளவில், புதிய கற்கால உழவர்கள் எழுப்பிய ஈமமேடு அது. 19 மீட்டர் நீளக் கற்பாதையின் வாயிலுக்கு மேல் ஒரு சிறு திறப்பு உண்டு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாள்களில் மட்டும் உதயசூரியனின் ஒளி அதன் வழியே நுழைந்து உள்ளறையை 17 நிமிடம் நிறைக்கிறது. அகழாய்வாளர் மைக்கேல் ஓகெல்லி இதை 1967-இல் நேரில் கண்டார். 1993 முதல் இப்பகுதி யுனெஸ்கோ உலக மரபுக்களம். உலகின் மிக அரிய கட்டடங்களுள் ஒன்றாக இதை மதிக்கலாம்.

தாரா, அயர்லாந்தின் பேரரசர்கள் முடிசூடிய இடமாகப் போற்றப்படுவது. லியா ஃபால் என்னும் நடுகல் அங்கே நிற்கிறது. ஸ்பானியருக்கு இங்கே தனி ஈர்ப்பு உண்டு: அயர்லாந்து மக்களின் முன்னோரான மீலின் மைந்தர்கள் ஸ்பெயினிலிருந்து கடல்கடந்து வந்தனர் என்கிறது 11-ஆம் நூற்றாண்டின் 'லெபோர் கபாலா' நூல். இது தொன்மக்கதை, வரலாறு அல்ல.

நியூகிரேஞ்சின் உள்ளே சிறு குழுக்களாகவே அனுமதிப்பதால், முன்பதிவு செய்துகொள்வது நல்லது.