காகித நாடாவும் கைப்பிடியும்: டூல்பாத் பிறந்த கதை

லேத் மெஷினைப் பற்றிப் பேசின எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்டிருந்தார்: "சி.என்.சி வந்த பிறகு பட்டறையில் வேலை தெரிந்தவர் யார்? மெஷின் முன்னால் நிற்பவரா, ஏ.சி ரூமில் கேம் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பவரா?" நான் அந்த ஏ.சி ரூம் ஆள். பன்னிரண்டு வருஷமாக, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ளே கட்டர் எந்த வழியாகப் போகணும் என்று கணினியில் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என் பதிலை நீங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கணும். நான் பதில் சொல்வதைவிட, இந்த இரண்டு பேரும் எப்போது இரண்டு பேராகப் பிரிந்தார்கள் என்ற கதையைச் சொல்றேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். மில்லிங்கில் சுழல்வது கட்டர். ஜாப்பை மேஜையில் இறுக்கிப் பிடித்திருப்போம். கட்டர் எங்கே நுழையணும், எந்தப் பக்கம் திரும்பணும், எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று ஒரு பாதை வேண்டும். அதுதான் டூல்பாத். பழைய மெஷினில் அந்தப் பாதை ஆப்பரேட்டரின் இரண்டு கையிலும் கைப்பிடியிலும் இருந்தது. அதை முதன்முதலில் எண்ணாக எழுதிப் பார்த்தவர்கள், ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்காரர்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊர். அங்கே ஜான் பார்சன்ஸ் 1940களில் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டருக்குச் சுழல் இறக்கை செய்துகொண்டிருந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இறக்கையின் குறுக்குவெட்டு ஒரு வளைவு. அந்த வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க டெம்ப்ளேட் வேண்டும். வரைபடத்தில் கொடுத்ததோ வெறும் 17 புள்ளிகள். நடுவில் இருப்பதை வளைகோல் வைத்து இழுத்து, கண் அளவில் நிரப்ப வேண்டியதுதான். அவரிடம் வேலைக்கு வந்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம் துளை அட்டைக் கணக்கு இயந்திரத்தை வேறு ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். பார்சன்ஸ் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: 17க்குப் பதில் 200 புள்ளி கணக்குப் போட்டுத் தர முடியுமா? அதோடு ஒவ்வொரு புள்ளியையும் கட்டரின் ஆரத்துக்கு ஏற்றபடி தள்ளி வைத்துத் தர முடியுமா?

அந்த இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் நில்லுங்க. ஜாப்பின் ஓரத்தைக் கணக்குப் போட்டால் போதாது. கட்டருக்கு ஒரு தடிமன் இருக்கிறது. அதன் நடுமையம் ஓரத்திலிருந்து ஆரத்தின் அளவுக்கு விலகித்தான் நடக்கணும். இன்றைக்கு எந்த கேம் சாஃப்ட்வேரைத் திறந்தாலும் அது செய்கிற முதல் கணக்கு இதுதான்.

அந்த எண் பட்டியலை வைத்து அவர்கள் வேலை செய்த விதம் இன்னும் அழகு. மெஷினில் மூன்று பேர். ஒருவர் பட்டியலைச் சத்தமாகப் படிப்பார். ஒருவர் எக்ஸ் அச்சின் கைப்பிடியைத் திருப்புவார், இன்னொருவர் ஒய் அச்சை. இடம் வந்ததும் கட்டரை இறக்கி ஒரு குத்து. மறுபடி அடுத்த எண். 200 குத்து முடிந்ததும் ஓரம் பல் பல்லாக நிற்கும். அரம் போட்டுத் தேய்த்தால் வளைவு ரெடி. கணினி இல்லை, மோட்டார் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், சி.என்.சி அன்றைக்கே பிறந்துவிட்டது. அந்த மூன்று பேருக்கும் வளைவைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை, பாருங்க. வளைவு எண்ணுக்குள் போய்விட்டது.

அடுத்த படி, அந்த மூன்று பேருக்குப் பதில் மோட்டாரை வைப்பது. அதே சமயம் அமெரிக்க விமானப் படைக்கும் ஒரு தலைவலி. ஜெட் விமானங்கள் வேகமாகப் பறக்கத் தொடங்கியதும், துண்டுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த இறக்கை போதவில்லை. கட்டியான அலுமினியத்திலிருந்தே, விலா எலும்பு மாதிரி தாங்கிகளோடு சேர்த்து, ஒரே துண்டாகச் செதுக்கியெடுத்த இறக்கைத் தகடு தேவைப்பட்டது. 1949இல் பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. மோட்டார் கட்டுப்பாட்டு வேலையை அவர் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் லேபுக்குக் கொடுத்தார். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, மாசசூசெட்ஸ்.) அங்கேதான் கதை கைமாறியது. பார்சன்ஸ் கேட்டது, புள்ளிக்குப் புள்ளி நகர்கிற எளிய மெஷின். லேப்காரர்களுக்கு மூன்று அச்சும் ஒரே நேரத்தில் இடைவிடாமல் நகரணும். செலவு ஏறியது. கொஞ்ச நாளில் விமானப் படை நேராக எம்.ஐ.டி.யுடனேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. யோசனைக்குச் சொந்தக்காரர் வெளியே நின்றார். அவர் 1952இல் விண்ணப்பித்த காப்புரிமை 1958இல் கிடைத்தது என்பது ஒரு ஆறுதல். 1985இல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் வந்தது.

1952 செப்டம்பரில் எம்.ஐ.டி தன் மெஷினை ஓட்டிக் காட்டியது. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற மில்லிங் மெஷின், பக்கத்தில் வால்வுகளும் ரிலேக்களும் அடைத்த கட்டுப்பாட்டு அலமாரி. மெஷினைவிட அலமாரி பெரிசு. ஓட்டை போட்ட காகித நாடா ஓடும், அதன்படி கட்டர் நகரும். எல்லோரும் கைதட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. கடைசியில் விமானப் படையே நூற்றுக்கும் மேற்பட்ட மெஷின்களுக்குக் காசு கொடுத்து விமானக் கம்பெனிகளில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் 1940களின் பிற்பகுதியில் செய்து பார்த்த 'ரெக்கார்டு–பிளேபேக்'. கைதேர்ந்த ஆப்பரேட்டர் முதல் ஜாப்பைத் தன் கையால் ஓட்டுவார். அவர் கை அசைவு முழுக்க காந்த நாடாவில் பதிவாகும். அடுத்த ஜாப்புக்கு நாடாவைப் போட்டால் போதும். வித்வான் பாடினதை ரெக்கார்டு பண்ணி வைப்பது மாதிரி. ஜெனரல் எலக்ட்ரிக்கில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த கர்ட் வானகட், 1952இல் வந்த தன் முதல் நாவலான 'பிளேயர் பியானோ'வில் இதைத்தான் வைத்தார். ஒரு மெஷினிஸ்டின் கை அசைவை நாடாவில் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அவர் தேவைப்படுவதில்லை.

இந்த வழி ஏன் நிலைக்கவில்லை? டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்ஷன்' என்ற புத்தகத்தில் வாதாடுகிறார்: ரெக்கார்டு–பிளேபேக்கில் அறிவு ஆப்பரேட்டரிடமே தங்கிவிடுகிறது, எண் நாடாவில் அது நிர்வாகத்தின் அலுவலகத்துக்குப் போகிறது, முதலாளிகளுக்கும் ராணுவத்துக்கும் இரண்டாவதுதான் பிடித்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. அதிகார ஆசை இருந்தது உண்மை. ஆனால் எந்தக் கைக்கும் வராத வளைவுகள் உண்டு. மூன்று அச்சும் சேர்ந்து நகர்ந்து செதுக்க வேண்டிய இறக்கைத் தகட்டைக் கைப்பிடியால் ஓட்டி யார் ரெக்கார்டு செய்வது? எண் வழி அதற்கு வேண்டியே இருந்தது. மற்ற சாதாரண வேலைக்கும் அதையே கட்டாயமாக்கியதில்தான் நோபிள் சொல்வது நிற்கிறது.

எண் வழி ஜெயித்தாலும் ஒரு சிக்கல். அந்த எண்களை யார் எழுதுவது? மேஜைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு மனுஷன் கணக்குப் போட முடியாது. 1956இல் விமானப் படை மறுபடி எம்.ஐ.டி.க்குப் பணம் கொடுத்தது. டக்ளஸ் ராஸ் என்ற இளைஞரின் குழு, விமானக் கம்பெனிகளின் புரோகிராமர்களோடு சேர்ந்து 'ஏ.பி.டி' என்ற மொழியை உருவாக்கியது. 1959 பிப்ரவரி 25 அன்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வந்தவர்களுக்கு நினைவுப் பரிசு, ஏ.பி.டி எழுதிய நாடாவால் செதுக்கிய அலுமினியச் சாம்பல் கிண்ணம்! இவ்வளவு ராணுவப் பெருமை பேசிவிட்டு ஒரு சாம்பல் கிண்ணமா என்று பத்திரிகையில் கிண்டலும் வந்தது.

ஏ.பி.டி.யின் சூட்சுமம் ரொம்ப எளிமை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு நாம் எப்படி வழி சொல்வோம்? "இந்த ரோட்டிலேயே போங்க, அந்த மதில் உங்க இடப்பக்கம் இருக்கட்டும், பிள்ளையார் கோயில் வந்ததும் நின்னு வலப்பக்கம் திரும்புங்க." கட்டருக்கும் அதேதான். ரோடு என்பது அதன் நுனி தொட வேண்டிய தளம், மதில் என்பது உரசிக்கொண்டு போக வேண்டிய சுவர், கோயில் என்பது நிற்க வேண்டிய எல்லை. 'டூல் ரைட்', 'கோ லெஃப்ட்' என்று எழுதினால் இடையில் உள்ள புள்ளிகளைக் கணினி போட்டுக்கொள்ளும். முதலில் எந்த மெஷினுக்கும் சேராத பொதுவான பாதை வரும். பிறகு போஸ்ட் பிராசஸர் என்ற தனி நிரல் அதை இந்த மெஷின், அந்த மெஷின் என்று மாற்றித் தரும். இன்றைக்கு நான் மவுசால் ஒரு சுவரைக் கிளிக் செய்யும்போதும் அடியில் நடப்பது இதே ஏற்பாடுதான். ஒரே பாதை, நம்ம பட்டறையில் இரண்டு கன்ட்ரோலருக்கு இரண்டு விதமான ஜி-கோடாக வெளியே வரும்.

ஆனால் ஏ.பி.டி.க்கு வடிவம் மட்டும்தான் தெரியும். இரும்பு தெரியாது. உதாரணத்துக்கு, ஒரு குழியைச் செதுக்கும்போது கட்டரின் பாதி அகலம் மட்டும் உலோகத்தில் இருக்கும்படி நேராகப் போகிறோம். அப்போது கட்டரின் சுற்றளவில் 90 டிகிரி உலோகத்தைத் தொடும். உள்மூலைக்கு வந்ததும் அது 180 டிகிரி ஆகிவிடும். பாரம் சட்டென்று ஏறும், கட்டர் அலறும், சில சமயம் ஒடியும். பழைய ஆப்பரேட்டர் இதை எந்தக் கணக்கும் இல்லாமல் செய்தார். சத்தம் மாறியதும் கை தானாக மெதுவாகும். நாடாவுக்குக் காது கிடையாது. அதனால் மூலைக்குப் பயந்து முழுப் பாதைக்கும் வேகத்தைக் குறைத்து எழுதுவதுதான் ரொம்ப நாள் வழக்கம்.

மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் விமான எஞ்சின் ஆலை. புது மெஷின்கள் எதிர்பார்த்த உற்பத்தியைத் தரவில்லை. பிரச்சினை தொழிலாளர் பக்கமும் முற்றியது. 1968இல் கம்பெனி ஒரு பரிசோதனைக்கு இறங்கியது: ஃபோர்மேன் இல்லாமல், ஆப்பரேட்டர்களே வேலையைத் திட்டமிட்டு ஓட்டட்டும். நோபிள் தன் புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். ஏழு வருஷம் ஓடியது. 1975இல் நிர்வாகமே அதை மூடியது. மெஷின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதில் நிர்வாகத்துக்குத்தான் கைநடுக்கம் என்கிறார் அவர்.

மூலையில் கேட்ட அந்தச் சத்தத்தைச் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள 2000க்குப் பிறகு வரை ஆனது. மிச்சம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று ஒவ்வொரு அடிக்கும் கணக்கு வைத்து, கட்டர் தொடும் கோணம் ஒரு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற பாதைகள் வந்தன. நாங்கள் 'அடாப்டிவ்' என்போம். திரையில் பார்த்தால் சிக்குக் கோலம் மாதிரி சுழித்துச் சுழித்துப் போகும். சுற்றி வளைத்துப் போகிறதே என்று தோன்றும். ஆனால் பாரம் ஏறாததால் கட்டரை முழு ஆழத்துக்கு இறக்கி, வேகமாக ஓட்டலாம். பழைய நேர்ப் பாதையைவிடப் பாதி நேரத்தில் முடிகிற ஜாப்புகளை நானே ஓட்டியிருக்கிறேன்.

இன்னும் அதற்குத் தெரியாதது இருக்கிறது. வைஸில் ஜாப் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, மெல்லிய சுவர் எப்போது அதிரும், இந்தக் கட்டர் நேற்று எத்தனை மணி நேரம் ஓடி மழுங்கியது, இதெல்லாம் என் திரையில் வராது. நான் கேள்விப்படுவது, மெஷின் பக்கத்திலிருந்து போன் வந்தால்தான். எழுபது வருஷம் ஆகியும் சி.என்.சி பேனலில் 'ஃபீடு ஓவர்ரைடு' என்ற திருகு இருக்கிறது. நான் எழுதின வேகத்தை ஆப்பரேட்டர் அதில் குறைக்கலாம், கூட்டலாம், பூஜ்யத்துக்கே கொண்டுபோய் நிறுத்தலாம். ஒரு பேட்ச் ஓடி முடிந்ததும் நான் முதலில் கேட்பது, அந்தத் திருகு எத்தனை சதவீதத்தில் நின்றது என்றுதான்.

அடுத்த எபிசோடில் ரெனோ கார் கம்பெனியின் பியர் பெசியே, கார் பானெட்டின் வளைவைக் கணக்காக மாற்றிய கதை. சந்திப்போம்.