தாயக்கட்டையும் இருதய கமலமும்

நிகழ்தகவு என்னும் கணக்குக்குப் பிறந்த வருஷம் 1654 என்பது மேல்நாட்டார் எழுதிய சரித்திரம். பாஸ்கல், பெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று அந்த வருஷம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நம் நளன் கதையிலும் இருதுபன்னன் தான்றி மரத்துக் காய்களைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லி, நளனுக்குச் சூதின் ரகசியத்தைக் கற்றுக்கொடுக்கிறான். அதை வைத்துப் பெருமையடிக்க நான் வரவில்லை. கதை வேறு, நிரூபணம் வேறு. உருவங்களைத் திருப்பியும் புரட்டியும் பார்க்கும் வடிவியலுக்கு 1872-ஐச் சொல்லலாம். எப்படித் திருப்பினாலும் மாறாமல் நிற்பது எதுவோ அதை ஆராய்வதே வடிவியல் என்று பெலிக்ஸ் கிளைன் என்ற ஜெர்மானியர் அந்த வருஷம் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 23.

இவ்விரண்டும் இன்று பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வந்து பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கின்றன. சாந்தோமில் எனக்கு அடுத்த வீட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கு வராத பெண் என்று வீட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். பத்தாவதோடு கணக்கைத் தலைமுழுகிவிட வேண்டியது என்று தகப்பனார் தீர்மானமே செய்துவிட்டார். ஒருநாள் அவள் புத்தகத்தோடு வந்து, "மாமா, 'இரண்டு பகடைகளை உருட்டினால்'னு ஆரம்பிச்சாலே எனக்குத் தலை சுத்தறது" என்றாள்.

பகடை வேண்டாம், பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டு வா என்றேன். கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். தாயத்துக்கு ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வேண்டும். பதினாறில் அதற்கு இரண்டே வழி. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி. மூன்றுக்கோ நாலு. கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "மூணுதான் அடிக்கடி விழும், பன்னிரண்டு லேசில் விழாது. இதுக்குப் புஸ்தகம் வேறயா?" என்றார்.

திருப்புவதற்கும் புரட்டுவதற்கும் அவர்கள் பூஜை அறையிலேயே பாடம் இருந்தது. இருதய கமலக் கோலம் தெரியாத வீடு உண்டா? எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி. முதல் கையில் ஒன்றாம் புள்ளி, அடுத்ததில் மூன்று, பிறகு ஐந்து, இரண்டு, நாலு, மறுபடி ஒன்று. இப்படி ஐந்து சுற்றுச் சுற்றினால் நாற்பது புள்ளியும் ஒரே இழையில் அடங்கி, கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஒரு கை தூரம், அதாவது 45 பாகை திருப்பினால் கோலம் அதேதான். கண்ணாடியில் காட்டினால்? பெண் விரலால் காற்றில் போட்டுப் பார்த்தாள். "அதே கோலம் இல்லை, மாமா! ஒண்ணுக்கு அடுத்தது மூணு வராது, நாலு வரும்!" என்றாள். சுழற்சி உண்டு, பிரதிபலிப்பு இல்லை. புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்ல முயன்றது இதைத்தான்.

இதை வெறும் வாசல் அலங்காரமாக எண்ணாத ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்த கிப்ட் சிரோமணி (1932–1988). நிகழ்தகவு அவருடைய தொழில். ஆனால் கல்வெட்டு, பழைய எழுத்து, கோலம் என்று மனம் போன இடமெல்லாம் போனவர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் எழுதலாம் என்ற யோசனை அந்நாளில் கம்ப்யூட்டர்க்காரர்களிடம் பரவிக்கொண்டிருந்தது. சில சின்னத் துண்டுகள், அவற்றை அடுக்கச் சில விதிகள். விதிப்படி வளர்த்துக்கொண்டே போனால் முழுப் படம். தம் மனைவி ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலத்துக்கு அப்படிப்பட்ட இலக்கணம் ஒன்றை அவர் 1974-ல் வெளியிட்டார். அரிசி மாவில் போட்டு, மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளும் சமாசாரம் அயல்நாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஏறியது. அந்தக் கட்டுரைக்கு மூலதனம், கணக்குப் பரீட்சை பக்கமே போகாத பெண்களின் கைப்பழக்கம் அல்லவா?

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அவருக்குக் கோலம் போட வருமா?" என்று மட்டும் கேட்டார். தகப்பனாரிடம் இன்னும் பேசவில்லை. அரைப்பரீட்சை மார்க் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.