நிறுவனப் பணத்தொகுப்பு

ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் தம் வங்கிக் கணக்குகளின் இருப்புகளை ஒன்றுசேர்த்து வட்டிச் செலவைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு பணத்தொகுப்பு எனப்படும். நிதித்துறையில் கேஷ் பூலிங் என்ற பெயரே பெருவழக்கு. ஒரு துணை நிறுவனத்திடம் 10 கோடி யூரோ உபரி, மற்றொன்றுக்கு 8 கோடி ஓவர்டிராப்ட் என்று கொள்வோம். உபரிக்கு 1 விழுக்காடும் ஓவர்டிராப்டுக்கு 6 விழுக்காடும் வட்டி என்றால், குழுமம் ஆண்டுக்கு 10 லட்சம் பெற்று 48 லட்சம் கட்டும். இரண்டையும் சேர்த்தால் மிஞ்சும் 2 கோடிக்கு 2 லட்சம் வட்டி வரும். கட்ட வேண்டியது ஏதுமில்லை.

இது இருவகைப்படும். மெய்த் தொகுப்பில் நாள் முடிவில் துணைக் கணக்குகளின் பணம் தலைமைக் கணக்குக்குப் போய்விடும். பற்றாக்குறை உள்ள கணக்கு அங்கிருந்து நிரப்பப்படும். எல்லாக் கணக்கும் சுழியில் முடிந்தால் அது ஜீரோ பேலன்சிங். பெயரளவுத் தொகுப்பில் பணம் இருந்த இடத்திலேயே இருக்கும். வட்டியை மட்டும் வங்கி நிகர இருப்புக்குக் கணக்கிடும். நெதர்லாந்து வங்கிகள் இதில் பெயர்பெற்றவை.

அமெரிக்காவில் மெய்த் தொகுப்பு வளர்ந்ததற்குச் சட்டமே காரணம். 1933ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் நடப்புக் கணக்குகளுக்கு வட்டி தருவதைத் தடைசெய்தது. பணத்தைச் சும்மா கிடக்கவிட மனமில்லாத நிறுவனங்கள், மாலையில் அதைத் திரட்டி வட்டி தரும் குறுகிய கால முதலீடுகளுக்கு மாற்றின. டாட்-பிராங்க் சட்டத்தால் அத்தடை 2011 ஜூலையில் நீங்கியது. அதற்குள் வழக்கம் ஊறிவிட்டிருந்தது.

தொகுப்பின் ஆபத்தை உலகுக்குக் காட்டியது ஜெர்மனியின் பிரேமர் வுல்கான் கப்பல் கட்டும் குழுமம். முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் கப்பல்தளங்களைச் சீரமைக்கத் தரப்பட்ட அரசு மானியத்தைக் குழுமம் தன் பொதுத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. 1996இல் குழுமம் திவாலானபோது ஏறத்தாழ 85 கோடி மார்க் அதோடு போயிற்று. துணை நிறுவனத்தின் உயிரையே உறிஞ்சும் அளவுக்குப் பணம் எடுக்கலாகாது என்ற நெறியை 2001 செப்டம்பரில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் வகுத்தது. 2003 நவம்பர் தீர்ப்பு இன்னும் கடுமை: சட்டம் காக்கும் மூலதனத்திலிருந்து பங்குதாரருக்குக் கடன் தருவதே தவறு, திரும்பி வருவது உறுதியானாலும் சரி என்றது. ஜெர்மன் நிறுவனங்களின் தொகுப்புகள் பலவும் இதனால் ஆட்டம் கண்டன. திருப்பிப் பெறும் உரிமை முழு மதிப்புடையதாக இருந்தால் போதும் என்று 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் நிலைமையைச் சரிசெய்தது.

தொகுப்பின் ஆதாயத்தை உறுப்பு நிறுவனங்களிடையே எப்படிப் பிரிப்பது என்பது பற்றிய வரி வழிகாட்டுதலை ஓஇசிடி 2020இல் வெளியிட்டது. இந்தியாவில் இரு வேறு நிறுவனங்களிடையே இப்படி நகரும் பணம் கடனாகவே கொள்ளப்பட்டு, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 185, 186 பிரிவுகளுக்கு உட்படுகிறது.