கேமரன் மலையில் லேப்டாப்போடு சில மாதங்கள்: திரிங்காப் போகும் முன் என்ன தெரிஞ்சுக்கணும்?

ஆன்லைனில் வேலை பார்த்துக்கொண்டே கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஒரு யோசனை வரும். பகலில் 33 டிகிரி வெயில், சாயங்காலம் கொட்டும் மழை, ரயிலில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். "பேசாம மலைக்குப் போயிட்டா என்ன?"

போகலாம். கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறினால் நாலஞ்சு மணி நேரத்தில் பஹாங் மாநிலத்தின் கேமரன் மலை. அங்கே பகலில் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாது. ராத்திரி போர்வை இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் எந்த பாஸில் போறீங்க, எந்த ஊரில் தங்குறீங்க என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

திரிங்காப் எங்கே இருக்கிறது?

பயணிகளில் பெரும்பாலானோர் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ தங்கிவிடுவார்கள். அதே சாலையில் வடக்கே, கீ ஃபார்ம் சந்தையைத் தாண்டிப் போனால் திரிங்காப். இன்ஸ்டாகிராமில் பார்த்த பச்சைக் கம்பளத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. இங்கே முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள்தான். தேயிலை பார்க்கணும்னா, பிரிஞ்சாங் பக்கம் திரும்பி சுங்கை பாலாஸ் போகணும், இல்லைன்னா மேலே கம்போங் ராஜாவைத் தாண்டி புளூ வேலி போகணும். சுங்கை பாலாஸ், 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டம்.

எந்த பாஸ் வேண்டும்?

நீங்கள் மலேசியர் என்றால் பையைத் தூக்கிட்டுக் கிளம்பலாம். இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். ஆனால் அது சுற்றுலாவுக்கான அனுமதி, வேலைக்கானது அல்ல. "லேப்டாப்தானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று நண்பர்கள் சொல்வார்கள். மாட்டினால் அவர்கள் கூட வரமாட்டார்கள்.

முறையான வழி 'டிஇ ரந்தாவ்' பாஸ். மலாயில் 'ரந்தாவ்' என்பதற்குப் பிறந்த ஊரை விட்டு அயல் பூமியில் பிழைக்கப் போவது என்ற சாயல் உண்டு. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபரில் இதைத் தொடங்கியது. 3 முதல் 12 மாதங்கள் வரை தங்கலாம், மேலும் 12 மாதங்களுக்குப் புதுப்பிக்கலாம். ஐடி, டிஜிட்டல் துறை என்றால் ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்கணும். 2024இல் மற்ற துறையினருக்கும் கதவு திறந்தது, ஆனால் அவர்களுக்கு வரம்பு 60,000 டாலர். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோரையும் அழைத்து வரலாம்.

கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கும் தேநீருக்கு இலை வெட்டுபவரிலும், திரிங்காப்பின் கூரைகளுக்குள் கோஸ் அறுப்பவரிலும் பலர் வங்காளதேசம், நேபாளம், மியன்மார், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தற்காலிக வேலை பாஸில் ஒரே துறை, ஒரே முதலாளி. நினைத்த நேரத்தில் வேலை மாற முடியாது. குடும்பத்தை அழைத்து வரவும் அனுமதி இல்லை. வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள்தான் இரண்டு பேரும். ஒருவர் பாஸில் 'விருந்தாளி', இன்னொருவர் பாஸில் 'கூலி'. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். உங்கள் பாஸுக்கான குறைந்தபட்ச வருமானமே அதைப்போல் நாலு மடங்குக்கும் மேல்.

இந்த வரிசையில் முன்னால் நின்றவர்கள் நம் ஆட்கள். கங்காணிகள் மூலம் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்குள் வந்து தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கேமரன் மலையில் இருக்கிறார்கள். தோட்டங்களுக்குள் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் உண்டு. அதனால் கடையில் தமிழில் பேசிப் பாருங்க, பல இடங்களில் பதில் தமிழிலேயே வரும். ஆனால் லயத்து வீடுகள் சுற்றுலாக் காட்சி இல்லை. வாசலில் காயும் துணியைப் படம் எடுக்கும் முன் கேட்டுடுங்க.

வரி கட்டணுமா?

சம்பளம் சென்னையிலிருந்து வந்தாலும், வேலையை மலேசியாவில் உட்கார்ந்து செய்தால் அந்த வருமானம் மலேசியாவில் ஈட்டியதாகக் கருதப்படலாம். ஓராண்டில் 182 நாள் தங்கினால் பொதுவாக நீங்கள் வரி விஷயத்தில் மலேசியவாசி. இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. நீண்ட காலம் தங்கப் போறவங்க கிளம்பும் முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் பேசிடுங்க.

அங்கே வேலை ஓடுமா?

மலேசிய நேரம் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. சென்னையின் 9 மணி மீட்டிங் உங்களுக்கு 11.30. காலையில் நடந்துட்டு வந்து உட்காரலாம். இணையம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். "வைஃபை இருக்கு" என்ற பதிலை நம்பி முன்பணம் கொடுக்காதீங்க. நீங்க வேலை பார்க்கும் நேரத்தில் எடுத்த வேகச் சோதனைப் படத்தைக் கேளுங்க. இரண்டு நிறுவனங்களின் சிம் கையில் இருக்கட்டும்.

மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங்–கீ ஃபார்ம் சாலை வண்டிகளால் அடைத்துவிடும், அதனால் வெளி வேலைகளை வார நாட்களில் முடிச்சுக்கோங்க.

வீடு பார்க்கும்போது ஜன்னல் காட்சியைவிட வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்க. காடு வெட்டித் தோட்டம் போட்ட சரிவுகளில் மழைக்காலத்தில் மண் இறங்கும். 2024 ஜனவரியில் புளூ வேலியில் ஏற்பட்ட மண்சரிவில் மியன்மார் நாட்டவர் 5 பேர் இறந்தார்கள். சரிவை ஒட்டிய வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், பக்கத்துக் கடைக்காரரிடமும் போன மழைக்கு அங்கே மண் இறங்கியதா என்று கேளுங்க.